மறுத்தவர்கள் அறுநூறு பேர்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். முகத்துக்கு நேராக எல்லாரும் மேடம் என்பார்கள். நாலடி தள்ளிப் போனதும் ஐஸ்பெட்டிதான். அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நன்றாகவே தெரியும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டாள். ஊசி போடும் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து, கடைசி இருபது வருடமாகத் தடுப்பூசிக் கிடங்கைக் கட்டிக்கொண்டு அழுபவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

கிடங்கு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுகாதார அலுவலகத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். முதல் அறையில் மேலே மூடி திறக்கும் நாலு குளிர்பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெப்பமானி, அதற்கு மேலே சுவரில் ஒரு அட்டை. காலை ஒன்பதுக்கு ஒரு தடவை, மாலை நாலரைக்கு ஒரு தடவை அளவைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் ஊசி மருந்து உறைந்து வீணாகும்; எட்டுக்கு மேலே போனால் கெட்டு வீணாகும். இந்த ஆறு டிகிரிக்கு நடுவில்தான் அவளுடைய இருபது வருடமும் ஓடியிருக்கிறது. முன்பு இருந்த ஒரு குமாஸ்தா வெயில் தாங்காமல் தன் தண்ணீர் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பாட்டில் அவர் மேசைமேலேயே கவிழ்க்கப்பட்டிருந்தது. ஃபைல்கள் மூன்று நாள் வெயிலில் காய்ந்தன. அதற்கப்புறம் குளிர்பெட்டியின் மூடியை யாரும் தொட்டதில்லை.

வெளியூர் முகாமுக்குப் பெட்டி கட்டும்போது அவள் செய்கிற ஒரு காரியத்தைப் புதிதாக வருபவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தண்ணீர் அடைத்து உறைய வைத்த பிளாஸ்டிக் ஐஸ் பாளங்களை மேசையில் பரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுவாள். உள்ளே தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டால்தான் அது பெட்டிக்குள் போகும். கல்லாக உறைந்த பாளத்தைப் பக்கத்தில் வைத்தால் குப்பியில் இருக்கிற மருந்தும் உறைந்து போகும். "என்ன மேடம், போன்ல பேசறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். "ஆமா, உன்னைப் பத்திதான் சொல்லிட்டிருக்கு," என்பாள்.

வீட்டில் அவளும் அவளுடைய அக்காவும்தான். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பாள். உடம்பில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. "ஊருக்கே ஊசி காக்கிறவ, வீட்டுக்கு வந்தா குழம்புச் சட்டியைக் காக்கத் தெரியல," என்று அடிபிடித்த சட்டியைப் பார்த்துச் சொல்லுவாள். தங்கையும் சளைத்தவள் இல்லை. ஆனால் ஒரு புதுக் காய்ச்சல் உலகம் முழுக்கச் சுற்றத் தொடங்கியபோது இரண்டு பேருடைய வாயும் கொஞ்சம் அடங்கியது. அக்காவின் பக்கத்துப் படுக்கைகளில் படுத்திருந்தவர்களில் நாலு பேர் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் காய்ச்சலுக்கான முதல் ஊசி வந்தபோது ஊரில் நாலாயிரம் பேருக்கு, வயதானவர்களும் நோயாளிகளுமாகப் பார்த்துப் போட்டார்கள். அக்காவும் போட்டுக்கொண்டாள். இரண்டாவது ஊசியை மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். அக்காவைப் போன்ற உடம்புக்கு முதல் ஊசி மட்டும் பாதிக் கதவு சாத்தினது போலத்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாட்காட்டியில் அந்தக் கடைசித் தேதியைச் சுற்றித் தங்கை பேனாவால் வட்டம் போட்டாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கும் போய்விட்டது.

இரண்டாவது ஊசி எங்கே இருந்தது? காசு இருக்கிற நாடுகளில் இருந்தது. ஆளுக்கு ஐந்து என்று வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு உடம்பில் எத்தனை கை இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு, எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரு பகிர்வு மன்றம் ஏற்படுத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதில் கொடுப்பதற்கு முன்னால் தங்களுக்கு வேண்டியது போக, வேண்டாதது போக, வேண்டியிருந்தாலும் இருக்கலாமே என்று ஒதுக்கியது போக, மிச்சம் கெட்டுப்போகிற தேதியை நெருங்கும்போதுதான் அவர்களுக்கு மனிதாபிமானம் பொத்துக்கொண்டு வந்தது. "சாயங்காலம் கெட்டுப் போகப்போற சோத்தைக் காலைல கொடுத்தா தானம். நாலு மணிக்குக் கொடுத்தா அது பாத்திரம் கழுவற வேலையை நம்ம தலையில கட்டறது," என்றாள் அக்கா.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தலைமைக் கிடங்கிலிருந்து மருந்து அனுப்ப வேண்டுமென்றால், 'சரக்கு வந்து சேர்ந்தது' என்ற ரசீது கையெழுத்தாகி அவர்கள் கைக்கு முதலில் வர வேண்டும். வந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். வராத சரக்குக்கு எப்படி வந்ததாகக் கையெழுத்துப் போடுவது என்று அவள் இருபது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டாள். போடாவிட்டால் சரக்கு வராது என்றார்கள். எல்லாக் கிடங்குகளிலும் அப்படித்தான். காகிதம் முன்னால் போகும், இரண்டு நாளில் வண்டி பின்னால் வரும். யாருக்கும் அதுவரை ஒரு கேடும் வந்ததில்லை. அவளும் போட்டுப் பழகிவிட்டாள்.

அந்த மாதம் மூன்றாம் தேதி காகிதம் வந்தது. மூவாயிரம் ஊசி; கெட்டுப்போகும் தேதி முப்பது. இருபத்தேழு நாள் இருக்கிறதே என்று சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டாள். புள்ளிவிவரம் பார்க்கிற குமாஸ்தா அதை அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றியதும் அது தன் பாட்டுக்கு நாலாயிரம் பேருடைய செல்போனுக்கும் சேதி அனுப்பியது: 'உங்கள் இரண்டாவது ஊசி வந்துவிட்டது. ஆறாம் தேதி வரவும்.'

ஆறாம் தேதி வந்தார்கள். ஊசி வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு படகுக்காரர் ஐந்து நடையாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் வயதானவர்கள், கோல் ஊன்றுபவர்கள். சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பதிமூன்றாம் தேதி கம்ப்யூட்டர் மறுபடியும் கூப்பிட்டது. மறுபடியும் வந்தார்கள். அவள் பின்னறையிலிருந்து வெளியே தலைகாட்டவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு காட்டுவது? ஜன்னல் வழியாக அவர்கள் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படித்துறைப் பக்கம் போவதைப் பார்த்தாள். அக்கரைக்காரர்கள் போகும்போது வாசலில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்: "இனிமே பெட்டியைக் கண்ணால பார்த்தவங்க வந்து சொன்னாத்தான் வருவோம்."

இருபத்திரண்டாம் தேதி காலை வண்டி வந்தது.

"எங்கய்யா போயிருந்தே இத்தனை நாளா?" என்று ஓட்டுநரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்க போறது மேடம். நேத்து மத்தியானம்தான் ஏத்தினாங்க. விமான நிலையத்திலேயே கிடந்துச்சாம். ஊசி போட்டு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா கொடுத்தவங்க பொறுப்பில்லன்னு ஒரு கடுதாசி வேணுமாம். அதுல கையெழுத்துப் போடற ஆள் லீவாம்."

"எந்த ஊர்ல லீவு? இங்கயா, அங்கயா?"

"அது எனக்குத் தெரியாது மேடம். எறக்கிடட்டுமா, வெயில் ஏறுது."

ஒன்பது நாள், மூவாயிரம் ஊசி. குப்பிக்குப் பத்துப் பேர். திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கும் போட்டுவிட வேண்டும். அந்த ஒன்பது நாளும் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. பஸ் நிலையத்தில் போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் போட்டார்கள், மார்க்கெட் வாசலில் குடை பிடித்துக்கொண்டு போட்டார்கள். எட்டுப் பேர் சேர்ந்து இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றால் அவளே தெருவில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கரைக்கு ஆள் அனுப்பினாள். பெட்டி வந்துவிட்டது என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஆற்றில் வெள்ளம் வேறு. கடைசி நாள் மாலை எண்ணிப் பார்த்தபோது இரண்டாயிரத்து நானூறு பேருக்குப் போட்டிருந்தார்கள். அறுநூறு மீதி.

அக்காவுக்குப் போடவில்லை. இருபதாம் தேதி இயந்திரத்தின் குழாய் செருகுகிற இடத்தில் சீழ் பிடித்து, நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சலில் இருக்கிற உடம்புக்கு ஊசி போடக் கூடாது. தினமும் சாயங்காலம் தங்கை ஒரு குப்பியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய், அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவாள். முப்பதாம் தேதி காய்ச்சல் நூறு. அடுத்த நாள் காலை இறங்கிவிட்டது. அன்றைக்குத் தேதி ஒன்று.

அறுநூறு ஊசியை அழித்ததற்குப் படிவம் போட வேண்டும். அறுபது குப்பிகளையும் விதிப்படி கொதிக்க வைத்துக் குழியில் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், புள்ளிவிவரக் குமாஸ்தா படிவத்தை முடித்து அனுப்பியே விட்டிருந்தார். அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 'வீணானதற்குக் காரணம்' என்ற இடத்தில் 'மக்கள் மறுப்பு' என்று இருந்தது.

"யார் மறுத்தாங்க?"

"மேடம், அதுல நாலு காரணம்தான் இருக்கு. குளிர்பெட்டிக் கோளாறு, மக்கள் மறுப்பு, பணியாளர் தவறு, இயற்கைச் சீற்றம். ஒண்ணைத் தொடலைன்னா அடுத்த பக்கம் போகாது."

"ஊசி லேட்டா வந்துச்சுன்னு ஒண்ணு இல்லையா?"

"இல்ல மேடம்."

"வெள்ளம் வந்துச்சே, இயற்கைச் சீற்றம்னு போட்டிருக்கலாமே?"

"அதுக்குப் போட்டோ கேக்கும் மேடம். இதுன்னா யாருக்கும் பாதகமில்ல. மக்கள்தானே."

மக்கள்தானே. அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு தடவை ஆறு கடந்து வந்து, ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்காமல் திரும்பிப் போனவர்கள் மறுத்தவர்களாம். குமாஸ்தா கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

பாதகம் பத்தாம் நாள் தபாலில் வந்தது. பகிர்வு மன்றத்தின் முடிவு: மக்கள் மறுப்பால் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வீணான பகுதிகளுக்கு அடுத்த தவணை நிறுத்தி வைக்கப்படும், அங்கே முதலில் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். இவர்களுடையது இருபது. இன்னும் ஆயிரத்து அறுநூறு பேர் இரண்டாவது ஊசிக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் அக்கா ஒருத்தி. நாட்காட்டியில் வட்டம் போட்ட தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். அலுவலகத்துக்குத் தலைவர் அவர்தான்; அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"சார், இதைத் திருத்தி எழுதணும். இருபத்திரண்டாம் தேதிதான் வந்துச்சு. வண்டிக்காரர் இருக்காரு, கேளுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலாம். எழுதினா உடனே ரசீதை எடுத்துப் பார்ப்பாங்க. அதுல என்ன தேதி இருக்கு?"

அவள் கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்தாள்.

"மூணாம் தேதி. உங்க கையெழுத்து. மூணாம் தேதி வாங்கி வச்சுக்கிட்டு இருபத்திரண்டுவரைக்கும் என்னம்மா செஞ்சீங்கன்னு கேப்பாங்க. எல்லாரும் இப்படித்தான் போடறோம்னு சொல்லுவீங்க. எல்லாரும்னா யாருன்னு கேப்பாங்க. ஒருத்தன் முன்னால வரமாட்டான். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாசம்?"

"பதினாலு."

"பேசாம இருங்க," என்றார். அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார்.

பேசாமல் இருப்பது அவளுக்கு வராத கலை. அதே வாரம் அந்த மன்றத்திலிருந்தே இன்னொரு அறிவிப்பு வந்தது. ஊசிப் பகிர்வில் சாதாரண மக்களின் குரலையும் கேட்க வேண்டுமாம். உலகம் முழுவதிலிருந்தும் பொதுமக்கள் திரைவழியே கலந்துகொள்ளலாம். தலைப்பு: 'தயங்கும் மக்களை அணுகுவது எப்படி?' அறிவிப்பு மூன்று மொழிகளில் இருந்தது. ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்த மொழியில்லை. குமாஸ்தாதான் படித்துச் சொன்னார். செய்த காரியம் அவருக்கும் உறுத்திக்கொண்டிருந்தது போலும். தானாகவே விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் முன்வந்தார். 'நீங்கள் யார்?' என்ற கேள்விக்கு, நோயாளி, நோயாளியைக் கவனிப்பவர், பொதுமக்கள் என்று மூன்று இருந்தது.

"கவனிக்கிறவங்கன்னு போடுங்க. அக்காவுக்குத் தங்கச்சி நான். கிடங்குல வேலை பார்த்தா மனுஷி இல்லையா?"

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தது. ஆமாம் என்று போட்டார்கள்.

பேசுவதற்கு மூன்று நிமிடம். அவள் நாலு நாள் உட்கார்ந்து எழுதினாள். அக்கா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தாள்; சமையலறையில் நிமிடம் காட்டுகிற மணியைத் திருகி வைத்துக்கொண்டு பரீட்சை எடுத்தாள்.

"உன் தப்பை எதுக்கு முதல்லயே சொல்றே? முதல்ல ஊசி எப்ப வந்துச்சுன்னு சொல்லு. ஜனங்க ரெண்டு தடவை வந்ததைச் சொல்லு. கடைசில, போகிற போக்குல, கையெழுத்தைச் சொல்லிட்டு எறங்கிடு."

"அப்படிச் சொன்னா மறைச்சுப் பேசற மாதிரி இருக்கும்க்கா. நம்ம தப்பை முதல்ல போட்டு உடைச்சுட்டா, மீதிச் சொல்றதை நம்புவாங்க."

"நம்பறதுக்கு அவங்க என்ன உன் மாமியாரா? சொல்றதைக் கேளு."

"மாமியார் எதை நம்பினாங்க," என்றாள் தங்கை. மாற்றி எழுதவில்லை. அவள் சுபாவமே அதுதான். பிடித்தால் பிடித்ததுதான். ஏழாவது தடவை படித்தபோது சரியாக இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடி வந்தது. அக்காவே பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரின் அறையில்தான் இணைய வசதி நன்றாக இருக்கும். அன்று மத்தியானம் அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் சாப்பிடப் போறேன். வர ரெண்டு மணி நேரம் ஆகும். இங்க யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது," என்று போய்விட்டார்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். நடத்துகிற அம்மாள் புன்னகை மாறாமல் இருந்தார். முதல் ஒன்றரை மணி நேரம் பெரியவர்கள் பேசினார்கள். மக்களின் குரலைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று ஒருவர் இருபது நிமிடம் சொன்னார். அதற்கப்புறம் மக்கள் வந்தார்கள். அவளுக்கு முப்பத்தேழாவது இடம். அவள் பெயர் வந்தபோது திரையின் ஓரத்தில் 3:00 என்று எண் தோன்றியது.

"வணக்கம். நான் சிறுநீரக நோயாளி ஒருத்தருக்குத் தங்கை. எங்க ஊர்த் தடுப்பூசிக் கிடங்குக்குப் பொறுப்பும் நான்தான். முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். ஊசி வர்றதுக்கு முன்னாலயே, வந்துடுச்சுன்னு மூணாம் தேதி போட்டு ரசீதுல கையெழுத்துப் போட்டேன். அப்படிப் போட்டிருக்கக் கூடாது. அதனால எங்க கம்ப்யூட்டர் ஜனங்களைக் கூப்பிட்டுடுச்சு."

மூச்சு வாங்க நிறுத்தினாள். மொழிபெயர்ப்பாளர் தொடங்கினார். நிதானமான குரல். திருத்தமாக, ஒரு சொல் விடாமல், அழகாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். 1:32. 1:31. அவர் பேசும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எப்போது முடிப்பார் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்தபோது 0:58. தாளில் இருந்ததைப் பாதியாகக் குறைக்க முயன்று, எதை விடுவது என்று தெரியாமல், எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் சொல்லத் தொடங்கினாள்: "அறுநூறு வீணாச்சு, ஆனா யாரும் மறுக்கல, ரெண்டு தடவை வந்தாங்க, ஊசிதான் வரல, இருபத்திரண்டாம் தேதிதான் பெட்டி வந்துச்சு, ஒன்பதே நாள்தான் இருந்துச்சு, அதை எங்க..." மொழிபெயர்ப்பாளர் குறுக்கே வந்து தொடங்கினார். 'அறுநூறு வீணாயிற்று' என்பதுவரை அவருக்கு நேரம் கிடைத்திருக்க வேண்டும். திரையில் அவளுடைய ஒலிவாங்கிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். யாருக்கும் கேட்கவில்லை.

நடத்துகிற அம்மாள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். தன் குறையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு மனமார்ந்த நன்றி, இந்தத் துணிச்சல் நம் எல்லாருக்கும் பாடம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். கட்டங்களில் சிலர் கை தட்டினார்கள். முப்பத்தெட்டாவது ஆள் வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள். நான் அப்பவே சொன்னேன் என்று அக்கா சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

இரண்டு வாரத்தில் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு தாள். அவர் முகத்தில் சிரிப்பா, சங்கடமா என்று சொல்ல முடியவில்லை.

"உட்காருங்க. மன்றத்துல உங்க பேச்சைக் குறிப்புல ஏத்திட்டாங்க. அறுநூறு வீணானதுக்குக் காரணத்தை மாத்தறாங்களாம்."

"மாத்திட்டாங்களா?"

"மக்கள் மறுப்பு இல்ல. பணியாளர் தவறு."

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கேளுங்க. மக்கள் மறுத்தா தவணை நிறுத்தம். பணியாளர் தவறுன்னா, பயிற்சி கொடுத்துத் திருத்திக்கலாமாம், தவணையை நிறுத்த வேண்டியதில்லையாம். ஆயிரத்து அறுநூறு ஊசி. ரெண்டு மாசம் தேதி இருக்கிற சரக்கு. அடுத்த வாரமே வரும். நீங்க இதுல ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். உங்க பணிப் பதிவேட்டில கண்டனம்னு ஒரு வரி ஏறும். வேற ஒண்ணும் செய்யாம நான் பார்த்துக்கறேன்."

"ஒப்புக்கலைன்னா?"

"விசாரணை வைப்பாங்க. வண்டிக்காரர், ரசீது, விமான நிலையம், அந்தக் கடுதாசி, எல்லாம் வெளியே வரும். வரட்டும், நல்லதுதான். ஆனா நாலு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் பழைய காரணமே நிக்கும்."

அக்காவின் தேதிக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கண்டனம் வாங்கியதில்லை. ஒரு குப்பியை உறைய விட்டதில்லை, ஒரு நாள் அட்டையில் அளவு எழுதாமல் விட்டதில்லை. அறுநூறு ஊசியைத் தான் கெடுத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து பங்கு வாங்கி அடுக்கியவர்கள் எந்தத் தாளிலும் இல்லை. லீவில் போனவர் இல்லை. அந்த நாலு காரணத்தை எழுதி வைத்தவர் இல்லை. உலகம் பூராவும் சுற்றிவந்த தப்பு, கடைசியில் இந்தப் பின்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம்.

"பேனா கொடுங்க சார்," என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேதியை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பயிற்சி இரண்டு நாள். ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று ஒருவர் வந்து படம் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். அவர் காட்டிய படத்தில் ஐஸ் பாளங்கள் கல்லாக உறைந்திருந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை.

சரக்கு வந்த அன்று அக்காவுக்கு அவளே போட்டாள். அக்கா கையை நீட்டினாள். ஊசி எடுத்த பிறகு தங்கையின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப வலிச்சுதா?" என்று தங்கை கேட்டாள். "வாயை மூடு," என்றாள் அக்கா.

மறுநாள் அக்கரை முகாமுக்கு அவளே பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். ஊசி போட ஆள் போதவில்லை. பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்றும் அவர்கள் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் கூடத்தில் வரிசை நின்றது. கோல் ஊன்றியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. நேரம் போனதே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் குப்பிக்கு முந்திய குப்பியில் படகுக்காரர் வந்து உட்கார்ந்தார். அவளை அவருக்குத் தெரியாது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"ரெண்டு தடவை சும்மா அலைய விட்டாங்கம்மா எங்களை. இப்பத்தான் விஷயம் தெரிஞ்சுது. டவுன்ல ஆஸ்பத்திரிக் கிடங்குல ஒரு அம்மாவாம். வந்த ஊசியை உள்ளயே வச்சுக்கிட்டு, அறுநூறைக் கெடுத்து, குழி தோண்டிப் புதைச்சிருக்கா. அவளே ஒத்துக்கிட்டாளாம், பேப்பர்ல எழுதிக் கையெழுத்தே போட்டிருக்காளாம்."

"கையைத் தளர்த்தி வைங்க," என்றாள்.

"எங்க பெரியப்பா ரெண்டாவது ஊசி போடாமலே போன வாரம் போயிட்டாரு. அவ நல்லா இருப்பாளா, சொல்லுங்க?" ஊசி இறங்கியதை அவர் கவனிக்கவே இல்லை. "உங்களை மாதிரி ஒருத்தங்க அந்த இடத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவள் பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்து, அவருடைய விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளச் செய்தாள்.

"அரை மணி நேரம் அங்க உட்கார்ந்துட்டு அப்புறம் போங்க," என்றாள். "அடுத்தவங்க வாங்க."